ஒரு மணி நெல்கூட

2008 ஜூலை 7, திங்கள்

தஞ்சாவூர் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், வேலையில்லாதோர் உதவித்தொகைக்கான இந்த வருடத்து உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். காலில் மாட்டும் இரும்புக் கேலிப்பர் உராய்ந்து முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன்.

படிவத்தில் மூன்று வரி. எனக்கு எந்த வேலையும் இல்லை. கொடுத்தால் செய்யத் தகுதியும் விருப்பமும் இருக்கிறது. அரசிடமிருந்து வேறு எந்த உதவித்தொகையும் பெறவில்லை. கீழே என் கையெழுத்து: இரா. அம்சம், பி.ஏ. கையெழுத்துப் போடும்போது மடியில் இருந்த பையில், போன வியாழக்கிழமை தபால்காரர் கொடுத்த ஊனமுற்றோர் உதவித்தொகை அப்படியே மடித்தபடி இருந்தது. அந்தப் பணத்துக்காக ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் எழுதிக்கொடுத்தது வேறு: உழைத்துச் சம்பாதிக்க இயலாதவள், ஆதரவற்றவள்.

ஆக, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நான் உழைக்க முடியாதவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலையில்லாதோர் தொகை பேங்கில் விழும் அன்று, வேலைக்குத் துடிப்பவள். இரண்டு பேரும் ஒரே கேலிப்பரைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கவுண்டரில் இருந்த அம்மாள், "வேற பென்ஷன் எதுவும் வாங்கலையே?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் சொன்னால்தான் பொய்யா?

ஜூலை 20, ஞாயிறு

காலையில் இரண்டு மனு. காதர் மைதீன் பாய்க்குப் பட்டா மாறுதல், ராசம்மாள் அக்காவுக்கு முதியோர் பென்ஷன். அக்காவுக்கு மூன்று மகன்கள். மூன்று பேரும் திருப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். "பெற்ற பிள்ளைகள் இருந்தும் இல்லாதவளாய்" என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அக்கா அழுதுவிட்டாள்.

"எம் புள்ளைங்க அப்படியா இருக்கானுங்க, அம்சம்?"

"அப்படி எழுதுனாத்தான் கெடைக்கும்க்கா."

நம் ஊர் வி.ஏ.ஓ. வைத்தியலிங்கம் சார் அடிக்கடி சொல்வார், அம்சம் மனு எழுதினால் கலெக்டருக்கே கண் கலங்கும் என்று. படிவம் கேட்காததையும் ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரிதான் வேலை செய்யும். பன்னிரண்டு வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவளுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று நாளாக நாற்றுப் பறிப்பு. அண்ணி காலையில் முதலில் பலகையைக் கொண்டுபோய் நாற்றங்கால் சேற்றில் போட்டுவிட்டு, பிறகு வந்து என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறாள். பலகையில் உட்கார்ந்து, காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, பறித்து, அலசி, நாற்று முடி கட்டி எறிவேன். என் முடியை நடவுக்காரப் பெண்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு இறுக்கம்.

"இவ முடிய அவுக்கறதுக்குன்னே தனியா ஒரு ஆளு வைக்கணும் போலருக்கு" என்று அண்ணி எல்லோர் முன்னாலும் கேலி செய்தாள்.

ஒன்பது மா. மூன்று ஏக்கர். நிலம் அன்னதானக் கட்டளை என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம், குத்தகை எங்களுடையது. 1970இல் அந்தக் குத்தகையைத் தன் பெயரில் பதியப் போனதற்காகக் கட்டளை ஆட்கள் அப்பாவைக் களத்தில் வைத்துக் கையை ஒடித்தார்கள். ஒடிந்த கையோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பதிவு வாங்கினவர் அவர். சாகிற சமயத்தில் பதிவை அண்ணனுக்குக் கொடுக்காமல் என் பெயருக்கு மாற்றினார். "நெலம் இருந்தா எவனாவது கட்டிக்குவான்" என்றார். எவனும் கட்டிக்கொள்ளவில்லை. மருதையன் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் என் பெயரில் இருந்த நிலத்தை உழுதார். 2002இல் அதே வரப்பில் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தார்.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. உழவு, எரு, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் அவள்தான். பெயர் மட்டும் எனக்கு.

செப்டம்பர் 18, வியாழன்

வருவாய் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ்.

கட்டளையின் ஏஜெண்ட் சாரங்கபாணி மனுப் போட்டிருக்கிறார். குத்தகைதாரர் அம்சம் தானே பயிரிடவில்லை, மூன்றாம் ஆளுக்கு உள்குத்தகை விட்டிருக்கிறார், ஆகவே நிலத்தை விட்டு வெளியேற்ற வேண்டும். எங்கள் வயலை ஒட்டி இப்போது புது ரோடு போகிறது. அங்கே கல்யாண மண்டபம் வரப்போவதாக டீக்கடையில் பேச்சு.

கூடவே ஓர் இணைப்பு. 2003இல் நான் ஊனமுற்றோர் தொகைக்கு எழுதிய மனுவின் நகல். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். என் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். இன்றைக்குக் காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அப்போது நடந்ததை எழுதிவிடுகிறேன். அண்ணன் செத்து ஒரு வருடம். ஆற்றில் தண்ணீர் இல்லாமல் இரண்டு போகமும் போயிருந்தது. "ஒம் பேர்ல குத்தகை நெலம் இருக்கு. அண்ணி வேற அதே கார்டுல இருக்கு. எப்படிம்மா ஆதரவற்றவள்னு நான் சிபாரிசு பண்றது?" என்றார் வைத்தியலிங்கம் சார். ரேஷன் கார்டைப் பிரித்தோம். தனிச் சமையல் என்று விசாரணைக்குக் காட்ட, அண்ணியே வீட்டை ஒட்டிய சாய்ப்பில் எனக்கென்று ஒரு மண் அடுப்புப் போட்டு, மெனக்கெட்டுக் கரியும் பூசி வைத்தாள். இன்றுவரை அதில் தீ மூட்டியதில்லை. கோழி முட்டையிடுகிறது. கார்டு இரண்டானதால் அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி.யும் இரண்டு. ஒன்று இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது.

கார்டு அண்ணிக்குத் தெரியும். அடுப்பும் தெரியும். என் பெயரில் நிலம் இருப்பதற்குச் சமாதானமாக நான் சேர்த்த வரிதான் தெரியாது:

"மேற்படி குத்தகை நிலத்தை என் அண்ணன் மனைவி வேம்பு என்பவர் தனிக்குடும்பமாக இருந்துகொண்டு தாமே பயிரிட்டு அனுபவித்து வருகிறார். ஊனமுற்ற எனக்கு ஒரு மணி நெல்கூடத் தருவதில்லை."

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தாலே சிபாரிசு கிடைத்திருக்கும். இரண்டாவது, நானாகச் சேர்த்த அழகு.

அண்ணி வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "என்ன காயிதம்? படி" என்றாள். நிலத்தைக் கேட்கிறார்கள் என்பதுவரை படித்தேன்.

"பின்னாடி இன்னும் ஏதோ இருக்கே?"

"அதே விஷயம்தான் அண்ணி. நகல்."

தலையை ஆட்டிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 19

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கும்பகோணத்தில் வக்கீல் ஜெக்கரியா சாரைப் பார்த்தோம். அண்ணியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அப்படி நானே ஏற்பாடு செய்துகொண்டேன்.

சார் மனுவின் நகலை இரண்டு தடவை படித்தார். "சட்டம் ரொம்ப சிம்பிள்மா. குத்தகைதாரர் தன் ஒடம்பால உழைக்கணும். இல்லன்னா அவர் குடும்பத்துல யாராவது உழைக்கணும். நீங்க ஒடம்பால முடியாதுன்னும் எழுதிட்டீங்க, வேம்பு என் குடும்பம் இல்லன்னும் எழுதிட்டீங்க. அப்புறம் நான் எதை வச்சுப் பேசறது?"

"வேலைவாய்ப்பு ஆபீஸ்ல, வேலை செய்ய முடியும்னு எழுதியிருக்கேன் சார்."

சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் போலக் கண்ணாடியைத் துடைத்தார். "அதைக் காட்டுனா, ரெண்டு எடத்துல வாங்குனதுக்கு வேற பதில் சொல்லணும்."

ஒரே வழி சொன்னார். மனுவில் இருப்பது பொய், நாங்கள் ஒரே குடும்பம் என்று கோர்ட்டில் நானே சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு தொகையும் நிற்கும். வாங்கினதைத் திருப்பிக் கட்டவும் சொல்வார்கள். "அதுக்கு முன்னாடி உங்க அண்ணிகிட்ட சொல்லிடுங்க. கோர்ட்ல சத்தமாப் படிப்பாங்க."

பஸ்ஸில் அண்ணி கேட்டாள். "வக்கீலு என்ன சொன்னாரு?"

"பாத்துக்கலாம்னாரு."

அக்டோபர் 24, வெள்ளி

அண்ணி வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து சாரங்கபாணி வந்தார். வண்டியிலிருந்து இறங்காமலே பேசினார்.

"உன் காலை வச்சுக்கிட்டு கோர்ட்டு கோர்ட்டுன்னு எதுக்கும்மா அலையணும்? நிலத்தை ஒப்படைச்சுட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு. உன் பேர்ல பேங்குல ஒரு தொகை போட்டுடறோம். வாங்கற ரெண்டு பணத்தையும் நாங்க கிளற மாட்டோம்."

"அண்ணிக்கு?"

"அண்ணியா? ஒரு மணி நெல் தரலைன்னு நீதானே எழுதியிருக்க. அவளுக்காக நீ ஏன் பாக்கணும்?"

மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை, நிஜமாகவே யோசித்தேன். தஞ்சாவூரில் ஒரு அறை, கீழ்த்தளத்தில். ஒரு கம்ப்யூட்டர். மனு டைப் செய்து கொடுக்கலாம். ஜன்னலுக்கு என்ன நிறத் திரை என்பதுவரை போய்விட்டேன். சீ.

அக்டோபர் 27, தீபாவளி

அண்ணி என் கேலிப்பர் செருப்பை எனக்குத் தெரியாமல் கும்பகோணம் கொண்டுபோய்ப் புது அடிப்பாகம் வைத்து வாங்கி வந்திருக்கிறாள். "கோர்ட்டு படியெல்லாம் ஏறணும்ல" என்றாள்.

இன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பண்டிகையும் அதுவுமாக எதற்கு என்று விட்டேன். நேற்றுப் பண்டிகைக்கு முந்தின நாள் என்று விட்டேன். நாளைக்கு அமாவாசை.

நவம்பர் 27, வியாழன்

நான்கு நாளாக விடாத மழை. வயல் எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அண்ணி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காலையிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வடிகாலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒழுகாத இடமாகப் பார்த்துப் பாயை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தாள். உதடெல்லாம் நீலம். "மேலப் பக்கம் மூணு மா தப்பிச்சிரும்" என்றாள். சுக்குத் தண்ணி போட்டுக் கொடுத்தேன். "அண்ணி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "நாளைக்குச் சொல்லு, ஒடம்பு நடுங்குது" என்று படுத்துவிட்டாள்.

நாளைக்கு என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்கட்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

படித்துவிட்டார்கள்.

கட்டளையின் வக்கீல் எழுந்து, நிறுத்தி நிறுத்தி, என் வாக்கியத்துக்கு உண்டான ஏற்ற இறக்கத்தோடு படித்தார். "ஒரு மணி நெல்கூடத் தருவதில்லை." நல்ல குரல். நான் எழுதினது நன்றாகத்தான் இருந்தது. கோர்ட்டில் இருந்த யாரோ த்சொ என்றார்கள்.

வழக்கை விசாரிக்கும் அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டார். "நீங்கதானே வேம்பு?"

"ஆமாங்க."

"இந்தம்மாவுக்கு நெல் எதுவும் குடுக்கறது இல்லையா?"

அண்ணி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தெரியாத ஊரில் இறங்கிவிட்டவள் மாதிரி பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "அவளே எழுதியிருக்கால்ல, சார். படிச்சவ. சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஜெக்கரியா சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிப்ரவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் அண்ணி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் ஊர் வந்ததும் எப்போதும் போலக் கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டாள். கால் தரையில் பட்டதும் கையை விட்டாள். ரோட்டிலிருந்து வீடுவரை இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக வந்தோம்.

டிசம்பர் 10, புதன்

காலையில் சாய்ப்பில் கோழி கத்தியது. போய்ப் பார்த்தால் அண்ணி அடுப்புக்குள்ளிருந்து முட்டைகளை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பைத் துடைத்தாள். ஒரு பானை, ஒரு கரண்டி, கொஞ்சம் சுள்ளி. டி.வி. பெட்டியின் மேல் அரிசிப் பையை வைத்தாள்.

"ஒன் கார்டு அரிசி. ஒன் அடுப்பு."

"அண்ணி, நான் வேணும்னு—"

"வேணும்னுதான் எழுதுன. வேண்டாம்னு யாராவது எழுதுவாங்களா?"

சத்தம் போடவில்லை. கட்டுத்தறியில் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டாள். நான் அடுப்பு மூட்டினேன். ஐந்து வருடம் சும்மா கிடந்த மண், சூடு பட்டதும் நடுவில் விரிந்துவிட்டது. சோறு அடிபிடித்தது. வீட்டுக்குள்ளிருந்து அவள் வைத்த மொச்சைக் குழம்பு வாசனை வந்தது. ஐயோ, என்ன வேலை செய்து வைத்தேன் நான். கார்டுக்காகப் பொய்யாப் பிரிஞ்சோம், இப்ப நெசமாவே பிரிஞ்சுட்டோமே.

2009 ஜனவரி 14, பொங்கல்

இரண்டு அடுப்பு. இரண்டு பானை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தது. மழையில் தப்பியது பாதிக்கும் குறைவு. அதிலும் கீழப் பக்கத்து நெல் கறுத்துப் போயிருக்கிறது.

அண்ணி ராசம்மாள் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். வாசலில் படுதா விரித்து, நெல் அளக்கும் மரக்காலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "லாபம்" என்று முதல் மரக்காலைக் கொட்டினாள். பிறகு ரெண்டு, மூணு, நாலு. சரிபாதி. மரக்காலின் தலையைக் கையால் வழிக்காமல் கும்பாரமாகவே கொட்டினாள். அளந்து முடித்து எழுந்தாள்.

"ஒரு மணி நெல்லு தரலைன்னு எழுதுனேல்ல. இதையும் எழுதிக்க."

ராசம்மாள் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் உள்ளே போன பிறகு குனிந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தேன். என் பங்கு முழுக்க மேலப் பக்கத்து நெல். பொன் மாதிரி இருந்தது. கறுத்தது எல்லாம் அவள் குதிருக்குப் போயிருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

ஜெக்கரியா சாரிடம் போனேன், தனியாக. பொய் என்று ஒப்புக்கொள்கிறேன், அதோடு குத்தகைப் பதிவை அண்ணி பெயருக்கே மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றேன்.

"அவங்க உங்கப்பாவோட செத்துப்போன மகனுக்கு மனைவி, உழுததும் அவங்க, கேக்கலாம்" என்றார். "ஆனா யோசிங்க. அதுக்கப்புறம் உங்க கையில நிலமும் இருக்காது, பணமும் இருக்காது. அவங்க வெளிய போன்னு சொன்னா போகணும்."

"தெரியும் சார்."

"சொல்லுவாங்களா?"

"தெரியாது சார்."

பிப்ரவரி 24, செவ்வாய்

கூண்டு என்று ஒன்றும் இல்லை. மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். நின்றே சொல்கிறேன் என்றேன்.

மனு என் கையெழுத்துதான், ஆனால் அதில் இருப்பது உண்மை இல்லை என்றேன். கார்டு இரண்டு, உலை ஒன்று. 2002இலிருந்து நான் சாப்பிட்ட ஒவ்வொரு பிடியும் அவர் உழைத்தது. எதிர்த் தரப்பு வக்கீல் விடவில்லை.

"அப்ப அரசாங்கத்தை ஏமாத்துனீங்க?"

"ஆமாங்க."

"வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வேற தொகை வாங்கறீங்க. அதுல உழைக்கத் தகுதி உண்டுன்னு எழுதியிருக்கீங்க. உங்களால உழைக்க முடியுமா, முடியாதா?"

"நாத்து பறிப்பேன். பலகை போட்டு உக்காந்து. நடவும் அறுப்பும் முடியாது."

"முடியுமா முடியாதான்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தையைத்தானே பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு ஆபீஸிலும் தேடுகிறேன். "ஒரு வார்த்தையில சொல்லப் போயிதாங்க இப்படி வந்து நிக்கிறேன்" என்றேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பதிவை வேம்பு பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக்கொண்டு போயிருந்ததைக் கொடுத்தேன். நான்கே வரி. ஒன்றும் சேர்க்கவில்லை.

அண்ணி பின்னால் சுவரோரம் நின்றிருந்தாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 12, வியாழன்

இரண்டு கடிதமும் ஒரே நாளில். ஊனமுற்றோர் தொகை நிறுத்தம், இதுவரை பெற்றது குறித்து விளக்கம் கேட்பு. வேலையில்லாதோர் தொகை நிறுத்தம், பெற்றதைத் தவணையில் செலுத்தவும். வேலைவாய்ப்புப் பதிவு மூப்பை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

வைத்தியலிங்கம் சாரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "ஒனக்கு நல்லது பண்ணப் போயி என்னையும்ல மாட்டி விட்டுட்ட" என்றார். அவருக்கும் மெமோ வந்திருக்கிறதாம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர் கேட்டது ஒரு காரணம். நான் கொடுத்தது கண்ணீர்.

ராசம்மாள் அக்கா மனுவைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தாள். என்னிடம் இருந்த நகலைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். மகன்கள் பணம் அனுப்புவதையும் எழுதினேன். அக்காவுக்கு பென்ஷன் கிடைக்கப்போவதில்லை. "பரவால்ல, புள்ளைங்க நல்லாருக்கட்டும்" என்று வாங்கிப் போனாள்.

ஏப்ரல் 29, புதன்

தீர்ப்பு வந்தது. அண்ணி காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நெல் அளந்த நாளுக்குப் பிறகு அவளாக வந்து பேசியது இதுதான் முதல் தடவை.

"படி. முழுசாப் படி. பின்னாடி இருக்கறதையும் படி."

படித்தேன். கட்டளையின் மனு தள்ளுபடி. நிலத்தைத் தொடர்ந்து பயிரிட்டு வருபவர் வேம்பு என்பதால் அவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் சேர்க்க வட்டாட்சியருக்கு உத்தரவு. நான் உண்மையை மறைத்தது கண்டிக்கத்தக்கது என்று ஒரு பத்தி இருந்தது. அதைச் சத்தமாகவே படித்தேன். பின்பக்கத்து முத்திரை, தேதி, நகல் எடுத்தவர் பெயர்வரை படித்தேன்.

"அப்பீலு போவானுங்களா?"

"போவாங்கன்னு வக்கீல் சொன்னாரு."

"போவட்டும்." காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனாள். நான் சாய்ப்பில் அடுப்பு மூட்டினேன்.

மே 20

இன்று எழுத ஒன்றுமில்லை. வெயில். முதல் தவணை கட்ட என் பங்கு நெல்லில் இரண்டு மூட்டை விற்றேன்.

ஜூன் 15, திங்கள்

காலையில் வாசல் தெளித்துவிட்டு அண்ணி சொன்னாள். "சப்ளை ஆபீஸ் போவணும். ஒன் கார்டை எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. பஸ்ஸில் அவளாகச் சொன்னாள். "ரெண்டையும் ஒண்ணாக்கிடலாம். ஒரு டி.வி.யைத் திருப்பிக் கேட்டா குடுத்துடுவோம். பெட்டியப் பிரிக்கவே இல்லியே."

அங்கே இருந்த எழுத்தர், இரண்டு பேரில் யார் படித்தவர் என்பதை என் பேனாவைப் பார்த்தே கண்டுபிடித்து, படிவத்தை என்னிடம் நீட்டினார். அண்ணி நடுவில் கையை வைத்து மறித்தாள்.

"அவகிட்டக் குடுக்காதீங்க சார். கூட ஒரு வரி சேர்த்துருவா. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

எழுத்தர் சிரித்தார். எழுதினார். குடும்பத் தலைவர், வேம்பு. தொழில், விவசாயம். உறுப்பினர்கள், இரண்டு. இரண்டாமவர், அம்சம். உறவு?

"நாத்தனா."

"அவ்வளவுதாம்மா. கீழ கைநாட்டு வைங்க."

"கையெழுத்தே போடுவேன். சார், ஆதரவு இருக்குன்னு போடுங்க. அவளுக்கு."

"அதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்லம்மா."

"இல்லியா?" அண்ணி காகிதத்தைத் திருப்பி எடுத்து, படிக்கத் தெரியாத அந்தக் கட்டங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஆதரவு இல்லேன்னு எழுதறதுக்கு மட்டும் எடம் இருந்துச்சே."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, கேலிப்பரைக் கழற்றிவிட்டு, சாயங்காலம் சோறு பொங்கச் சாய்ப்புக்குப் போனேன். பானையைக் காணோம். அடுப்புக்குள் புது வைக்கோல் போட்டிருந்தது. அதன் மேல் கோழி உட்கார்ந்திருந்தது. உள்ளே போய் என் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.